டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன வரி

ராணுவத்தில் ஒரு பதக்கம் மார்பில் ஏறுவதற்கு முன்னால் தாளில் ஏற வேண்டும். அதுவும் ஒரு தாளில் இல்லை. முதலில் பட்டாலியன் அலுவலகம் 'டெய்லி ஆர்டர் பார்ட் டூ' வெளியிட வேண்டும். அந்த ஆர்டரைப் பார்த்து ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள கிளார்க் அந்தச் சிப்பாயின் ஷீட் ரோல் என்ற சேவைப் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். பத்து பதினைந்து வருடம் கழித்து அவர் ஓய்வு பெறும்போது, ஷீட் ரோலைப் பார்த்து இன்னொரு கிளார்க் டிஸ்சார்ஜ் புக்கில் அதே வரியை எழுத வேண்டும். இதில் ஓரிடத்தில் கை நின்றுவிட்டாலும், குண்டு மழைக்கு நடுவே நின்ற மனிதர் காகிதத்தில் போருக்கே போகாதவர் ஆகிவிடுவார்.

நான் காலாட்படையில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். பட்டாலியனில் பார்ட் டூ ஆர்டர் தட்டச்சு செய்திருக்கிறேன். ரெக்கார்ட் ஆபீஸில் உட்கார்ந்து அதே ஆர்டர்களை ஷீட் ரோலில் ஏற்றியும் இருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன். பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது என்று சொல்லும் வட்டாரம் இது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு சிப்பாய் இருக்கிற ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஓய்வூதியத் திருத்தம், குடும்ப ஓய்வூதியத்தில் மனைவி பெயர் பிழை, பிள்ளைகளின் சான்றிதழ் என்று எல்லாம் வரும். அவற்றில் எனக்கு மனசு நிற்கிற வேலை பதக்கம் சேர்க்கிற வேலைதான்.

வருகிறவர்கள் "மெடல் வரலை சாப்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மெடலை அப்புறம் பார்ப்போம், ஆர்டர் எங்கே நின்றது என்று முதலில் பார்ப்போம் என்பேன். ரெக்கார்ட் ஆபீஸுக்கு "எனக்குப் பதக்கம் கொடுங்கள்" என்று எழுதினால், "எங்கள் ஆவணத்தில் அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்து சேரும். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆவணத்தில் இல்லாததுதானே பிரச்சினையே! ஆகவே கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும்: இந்தத் தேதியில் நான் எந்தக் கணக்கில் இருந்தேன், அந்தக் கணக்கு வைத்திருந்த அலுவலகம் என் பெயரை ஏன் அனுப்பவில்லை?

விடுபடுவதில் ஒரு வகைமுறை உண்டு. 1965 போருக்கு இரண்டு பதக்கங்கள்: களப்பகுதியில் இருந்தவருக்கு சமர் சேவா ஸ்டார், படையில் அப்போது இருந்தவர்களுக்குப் பொதுவாக ரக்ஷா மெடல். 1971க்கும் அதே ஏற்பாடுதான். கிழக்குக் களத்துக்கு பூர்வி ஸ்டார், மேற்குக் களத்துக்கு பஸ்சிமி ஸ்டார், பொதுவாக சங்கிராம் மெடல். பொதுப் பதக்கம் விட்டுப்போவது குறைவு. முகாமில் இருந்தவர், சமையல் செய்தவர், பயிற்சி மையத்தில் இருந்தவர் எல்லாருக்கும் ஒரே பட்டியலில் அது ஏறிவிடும். விட்டுப்போவது ஸ்டார். ஏனென்றால் அதற்கு, இந்த ஆள் இந்த நாளில் இந்தப் பகுதியில் இருந்தார் என்று யாராவது எழுதித் தர வேண்டும். 1971 டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய போர் கிழக்கில் 16ஆம் தேதியே முடிந்துவிட்டது. அந்தப் பதினான்கு நாளில் ஒருவர் களத்துக்கு வந்தார், அடிபட்டார், போனார் என்றால் அவர் பெயரைச் சுமக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதில்தான் கோளாறு.

எங்கள் வட்டாரத்து லான்ஸ் நாயக் ஒருவர் கதை அப்படிப்பட்டது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். என்னைவிட மூத்தவராக இருந்தும் என் பழைய ரேங்குக்காக "சாப்" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை "அண்ணே" என்பேன். 2021இல் வங்கதேசப் போர் வெற்றியின் பொன்விழா வந்தது. எழுபத்தொன்றில் போரிட்டவர்களை அழைத்து சால்வை போட்டார்கள். இவருக்கு அழைப்பு இல்லை. பட்டியல் எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். இவர் புக்கில் சங்கிராம் மெடல் இருந்தது, 25ஆம் சுதந்திர ஆண்டு மெடல் இருந்தது, ஒன்பது வருடச் சேவை மெடல் இருந்தது. ஸ்டார் இல்லை. தொடையில் ஷெல் துண்டு பாய்ந்த தழும்போடு நடக்கிற மனிதர், தன்னுடைய ஊரிலேயே, போரின்போது எங்கோ முகாமில் இருந்தவர் என்று ஆகிவிட்டார். "பேரன் கேக்கறான் சாப், நீ நெஜமாவே சண்டைக்குப் போனியா தாத்தான்னு." அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் இருக்கிற தாள் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னேன். தகரப் பெட்டியோடு வந்தார். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்ற ஓய்வூதிய ஆணை, பழைய விடுப்புச் சான்று, மகள் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தது. நான் தேடியது வேறு. அவருடைய அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, அம்மா எதையும் தூக்கி எறிந்ததில்லை. அனுப்புநர் முகவரியில் பட்டாலியன் பெயருக்குக் கீழே '99 ஏ.பி.ஓ.' என்று இருந்தது. ராணுவத் தபால் தெரிந்தவருக்கு அது போதும். 56 ஏ.பி.ஓ. என்றால் டெல்லி வழியாகப் போகும் தபால், 99 ஏ.பி.ஓ. என்றால் கல்கத்தா வழியாகக் கிழக்குக்குப் போகும் தபால். ஊர்ப் பெயர் எழுதக் கூடாத காலத்தில் அந்த இரண்டு இலக்கம்தான் திசை சொல்லும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஷீட் ரோல் நகலும் மருத்துவப் பதிவும் கேட்டு மனுப் போட்டோம். இந்த வேலைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பலத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. அதற்கு முன் ஷீட் ரோல் என்பது சிப்பாய் தன் கண்ணால் பார்க்க முடியாத பொருள். நகல் வந்தது. ஒரு பக்கத்தில், 1971 டிசம்பரில், இடது தொடையில் ஷெல் சிதறல் காயம், போர்க் காயம் என்ற பதிவு. அதே மாதத்தில் பட்டாலியன் கணக்கிலிருந்து எஸ்.ஓ.எஸ்., அதாவது பெயர் நீக்கம். பிறகு கல்கத்தா கமாண்ட் மருத்துவமனை, அங்கிருந்து தெற்கே இன்னொரு மருத்துவமனை, கடைசியில் பயிற்சி மையத்தின் கணக்கில் டி.ஓ.எஸ்., அதாவது பெயர் சேர்ப்பு. பதக்கங்களுக்கான பக்கத்தில் ஸ்டாரும் இல்லை, காயமடைந்தவருக்கான மெடலும் இல்லை.

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. காயமடைந்தோருக்கான பதக்கம் 1973இல்தான் ஏற்படுத்தப்பட்டது. இன்று அதற்குப் பராக்கிரம் பதக் என்று பெயர். போர் முடிந்து பட்டாலியன் தன் ஆட்களின் பட்டியலைத் தயாரித்தபோது இவர் பெயர் அவர்கள் கணக்கில் இல்லை. பயிற்சி மையம் தன் ஆட்களின் பட்டியலைத் தயாரித்தபோது, இவர் அங்கே களத்திலிருந்து வந்தவராக இல்லை, மருத்துவமனையிலிருந்து வந்தவராக இருந்தார். பட்டாலியன்காரர்கள் மையம் எழுதும் என்று விட்டார்கள். மையத்தார் பட்டாலியன் எழுதியிருக்கும் என்று விட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் ஒரே ஃபைலின் ஒரு பக்கம் காயத்தை ஒப்புக்கொள்கிறது, அடுத்த பக்கம் அதை மறந்து உட்கார்ந்திருக்கிறது, ஐம்பது வருடமாக!

பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் பலருக்குத் தெரியாத உண்மை இது: காயம்பட்டவர், நோயில் விழுந்தவர், போர் முடிந்த கையோடு மாற்றலாகிப் போனவர், இன்னொரு யூனிட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர், இவர்களுடைய பதக்கம்தான் அதிகமாக விட்டுப்போகிறது. களத்தில் நின்று திரும்பி அதே பட்டாலியனோடு இருந்தவருக்கு எல்லாம் ஒழுங்காக வரும். அடிபட்டு விலகியவருக்குத்தான் அடிபட்டதற்கான அத்தாட்சியும் வராமல் போகும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மனுவை ஒரு பக்கத்துக்கு மேல் போகவிடவில்லை. எண், ரேங்க், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, விலகிய தேதி. அதற்குக் கீழே ஷீட் ரோலின் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று குறித்தேன். போரின் கதையை எழுதவில்லை. அவருக்கு அதில் வருத்தம். கம்பெனி எப்படி ஆற்றைக் கடந்தது என்று எழுதச் சொன்னார். "அண்ணே, அதப் படிக்கிறவருக்குக் கதை வேண்டாம், பக்க எண் வேணும்" என்றேன். முதல் பதில், பார்ட் டூ ஆர்டர் ஏதும் கிடைக்கவில்லை என்று வந்தது. எதிர்பார்த்ததுதான். அடுத்து பட்டாலியனின் அட்ஜுடன்ட்டுக்கு எழுதினோம். கூடவே, பட்டாலியன் உருவான தினத்துக்குக் கூடுகிற பழைய ஆட்களில் அவருடைய பிளட்டூன் ஹவில்தாரைக் கண்டுபிடித்து, முத்திரைத்தாளில் நோட்டரி முன்பு உறுதிமொழி வாங்கினோம். அந்த ஹவில்தாருக்குக் காது கேட்பதில்லை. ஆனால் இவரைத் தூக்கிக்கொண்டு போன நேரம், வாய்க்கால் ஓரம், ஸ்ட்ரெச்சர் பிடித்த இன்னொருவரின் பெயர் எல்லாம் ஞாபகமிருந்தது. இவை அனைத்தையும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பினோம். நேராக அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அந்த அலுவலக முத்திரை இருந்தால் ஃபைலுக்கு ஒரு எண் கிடைக்கும், எண் கிடைத்த ஃபைலுக்குத்தான் பதில் கேட்க முடியும்.

ஒரு நாள், அசல் டிஸ்சார்ஜ் புக்கை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. சாதித்துவிட்டோம் என்பதற்கு அடையாளம் அந்தக் கடிதம்தான். ஒவ்வொரு பக்கமும் நகல் எடுத்து, அதிகாரி ஒருவரிடம் மேலொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பினோம். திரும்பி வந்தபோது பதக்கங்கள் பகுதியில் புதிதாக இரண்டு வரி. பக்கத்தில் அதிகாரம் தந்த கடிதத்தின் எண், தேதி, அதிகாரியின் கையொப்பம், வட்ட முத்திரை. பதக்கங்கள் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தன. நம் நாட்டுப் போர்ப் பதக்கங்களில் பெறுபவரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வட்டமான மெடலுக்கு விளிம்பில், ஸ்டாருக்குப் பின்புறத்தில். கண்டோன்மென்ட் கடைகளில் விற்கிற நகலில் அது இருக்காது. அவர் ஸ்டாரைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்கு அருகே கொண்டுபோய், தன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படித்தார்.

எல்லாம் இவ்வளவு நீளமாகப் போவதில்லை. சில நேரம் பதக்கம் ஏறித்தான் இருக்கும், வேறு ஆள் பெயரில் இருப்பது போலத் தோன்றும். ஹவில்தாராக இருந்தவர் நாயப் சுபேதார் ஆனதும் எண் மாறி 'ஜே.சி.' எண் வரும். பழைய எண்ணில் வந்த பட்டியல் புதிய எண்ணோடு சேராமல் தனியாகக் கிடக்கும். அமைதிப் படையில் இலங்கைக்குப் போனவர்களில் இதை நிறையப் பார்த்தேன். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்தவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், அதில் 'ஸ்ரீலங்கா' என்ற கிளாஸ்ப். திரும்பி வந்ததும் பதவி உயர்வு, மாற்றல் என்று சிதறியவர்களின் பெயர்கள் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டன. மனுவில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள் என்பதுதான் இதற்கு மருந்து. பெயரிலும் இதே தொல்லை. ஏழுமலை என்ற பெயரை வடக்கத்திக் கிளார்க் ஒருவர் எழுமலை என்பார், இன்னொருவர் எலுமலை என்பார். தகப்பன் பெயரை முன்னால் போட்டவரும் உண்டு, பின்னால் போட்டவரும் உண்டு. எண்ணும் அதன் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் பெயர்ப் பிழை தடையாகாது.

வீரப் பதக்கம் என்றால் விஷயம் வேறு, அங்கே பணமும் சேர்கிறது. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கணவருக்கு சேனா மெடல். பதக்கம் பூஜை அறையில் இருக்கிறது. பிபிஓவில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீரச் செயலுக்கான சேனா மெடலுக்கு 2017 ஆகஸ்ட் முதல் மாதம் 2,000 ரூபாய் படி உண்டு. ஆனால் சேனா மெடல் இரண்டு காரணத்துக்குக் கொடுக்கப்படும்: வீரச் செயலுக்கும் உண்டு, கடமையில் காட்டிய சிறப்புக்கும் உண்டு. முதலாவதற்குத்தான் படி. டிஸ்சார்ஜ் புக்கில் வெறுமனே 'சேனா மெடல்' என்று எழுதியிருந்ததால் எந்த வகை என்று தெரியாமல் ஓய்வூதியம் வகுத்தவர்கள் விட்டிருக்கிறார்கள். இதற்குச் சாட்சி இந்திய அரசிதழ். ஜனாதிபதி செயலகத்தின் அறிவிப்பு பகுதி 1, பிரிவு 1இல் வரும். எந்தச் செயலுக்கு என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். அந்த அறிவிப்பின் நகலைக் கண்டெடுத்ததும் ரெக்கார்ட் ஆபீஸ் மறுக்கவில்லை. அவர்கள் எழுதியனுப்ப, பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்தப்பட்ட பிபிஓ கொடுத்தது. இப்போது ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய முறையில் எல்லாம் கணினியில் வருகிறது. ஆனாலும் ஷீட் ரோலில் அந்த வரி இல்லையென்றால் கணினியால் தானாக ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு அதிகம் வலிக்கிற மனுக்கள் ஓய்வூதியம் இல்லாதவர்களுடையவை. ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு, குடும்பச் சூழலால் விலகி வந்து விவசாயம் பார்த்தவர்கள். ஓய்வூதியம் இல்லாதவர்களின் சேவை ஆவணங்களை விலகி 25 வருடம் ஆனதும் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அதன் பிறகு மிஞ்சுவது லாங் ரோல் என்ற பேரேட்டில் உள்ள ஒரு பதிவு: சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகிய காரணம் மாதிரிச் சில விவரம். 1965இல் களத்தில் இருந்தவரின் மகன் வந்து அப்பாவின் ஸ்டாருக்காகக் கேட்கும்போது, ஷீட் ரோலே இல்லையே தம்பி என்று சொல்வது கஷ்டம். அப்போது மிஞ்சுவது பட்டாலியனில் உள்ள பழைய பெயர்ப் பட்டியல், வீட்டில் உள்ள கடிதம், சீருடையில் எடுத்த படம். படத்தை அலட்சியமாக விடாதீர்கள். மார்பில் ரிப்பன்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். ரிப்பன் அணிந்து கமாண்டிங் ஆபீசர் பக்கத்தில் நின்று எடுத்த குழுப்படம் என்றால், அணிய உரிமை இல்லாததை அவர் அணிந்திருக்க வாய்ப்பில்லை என்று வாதிடலாம். அப்படிச் சில ஃபைல்கள் நகர்ந்திருக்கின்றன. நகராதவையும் உண்டு.

எந்த வழியும் பலிக்காவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. முதலில் மனுக் கொடுத்து, இறுதிப் பதில் வாங்கி, ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதம் என்றால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். வெறும் போர்ப் பதக்கத்துக்காக யாரையும் அங்கே அனுப்ப நான் அவசரப்பட மாட்டேன். ஊனமுற்றோர் ஓய்வூதியமோ போர்க்காய ஓய்வூதியமோ அதோடு சேர்ந்திருந்தால் தயங்காமல் போகச் சொல்வேன்.

"இதனால காசு வருமா?" என்று கூட வருகிற மகன்கள் கேட்பார்கள். ஸ்டாருக்கும் பொதுப் பதக்கத்துக்கும் மாதப் படி கிடையாது, உண்மையைச் சொல்லிவிடுவேன். சில மகன்கள் அத்தோடு எழுந்துவிடுவார்கள். அப்பாக்கள் எழுவதில்லை. அவர்களுக்காகத்தான் நான் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தான் இருந்த இடத்தில் தான் இருந்ததாக அரசு ஒரு வரி எழுத வேண்டும் என்று கேட்பவர் பிச்சை கேட்கவில்லை. அந்த வரி அவருக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதி, மற்ற கூலியைப் போலவே அதையும் கணக்குப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது சேவையில் இருக்கிற பையன்கள் விடுப்பில் வந்தால் ஒன்று சொல்லி அனுப்புகிறேன்: சியாச்சின், உயர்மலை, ஐ.நா. பணி, எங்கே போய் வந்தாலும், யூனிட் மாறுவதற்கு முன்னால் பார்ட் டூ ஆர்டர் எண்ணையும் தேதியையும் உன் டைரியில் எழுதிக்கொள். டிஸ்சார்ஜ் புக்கில் கையெழுத்துப் போடும் நாளில் ஊருக்கு ரயில் பிடிக்கிற அவசரத்தில் இருப்பாய்; அன்றைக்குப் பதக்கப் பக்கத்தை ஒரு தரம் நிதானமாகப் படி. அந்தப் பக்கத்தை அங்கேயே திருத்த அரை நாள்கூட ஆகாது.

லான்ஸ் நாயக் அண்ணன் போன வாரம் மறுபடி வந்தார். தன்னோடு அதே ஆம்புலன்ஸில் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் இன்னும் மூன்று பேர், அவர்கள் கதையும் இதேதான் ஆகியிருக்கும் என்றார். ஒருவர் இறந்துவிட்டார், மனைவி ஆரணிப் பக்கம் இருக்கிறார். இன்னொருவர் கேரளாக்காரர், முகவரி இல்லை. மூன்றாமவரின் ராணுவ எண் மட்டும் இவருக்கு மனப்பாடம். ஆரணிக்கு நாளை மறுநாள் போகிறோம். அந்த அம்மாவிடம் டிஸ்சார்ஜ் புக்கையும் பழைய கடிதங்களையும் எடுத்து வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் செய்தாயிற்று.